வக்கீல் ஆகாமல் சட்டம் படிப்பது: வேலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் சிவில் இன்ஜினியர். பதினைந்து வருடத்துக்கு மேல் கட்டுமான ஒப்பந்தங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, நாற்பதை நெருங்கும்போது வணிகச் சட்டத்தில் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர்ந்து முடித்தேன். வக்கீல் ஆகவில்லை. இன்றைக்கும் அதே ஒப்பந்தப் பிரிவில்தான் வேலை. படித்து முடித்ததிலிருந்து கூட வேலை பார்ப்பவர்கள், மருத்துவமனையில் இருக்கும் நண்பர்கள், எச்.ஆரில் இருக்கும் சித்தப்பா மகள் என்று ஆளாளுக்கு ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் தட்டுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை, ஆகப்போவதும் இல்லை. எனக்கு எதற்குச் சட்டப் படிப்பு? பிரச்சினை வந்தால் வக்கீலிடம் போனால் போதாதா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் வேலை கொடுத்தவர் பக்கம் இருந்தேன். ஒரு பெரிய கிடங்கு கட்டும் வேலை. கான்ட்ராக்டர் குறித்த தேதிக்குள் முடிக்கவில்லை, கால நீட்டிப்பு கேட்டார், கொடுத்தோம். இன்னும் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் கொடுத்தோம். மூன்று கடிதங்களையும் எழுதியது நான்தான். ஒவ்வொன்றும் இரண்டு வரி: "தங்கள் கோரிக்கையை ஏற்று இன்ன தேதி வரை கால அவகாசம் நீட்டிக்கப்படுகிறது." அவ்வளவுதான். வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது, தாமதத்தால் எங்களுக்கு வந்த நஷ்டத்தைக் கேட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் என்னுடைய அந்த மூன்று கடிதங்களையே எடுத்து மேசைமேல் வைத்தார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் பிரிவு 55 என்று ஒன்று இருக்கிறது. நேரம் முக்கியம் என்று ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்தில் எதிராளி தாமதம் செய்து, அந்தத் தாமதமான வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "இதற்கான இழப்பீட்டைக் கேட்பேன்" என்று அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. என் கடிதங்களில் அந்த ஒரு வரி இல்லை. "இழப்பீடு கோரும் உரிமைக்குப் பாதகமில்லாமல்" என்று நாலு சொல் சேர்த்திருந்தால் கதையே வேறு.

கவனித்துப் பாருங்கள், எங்கள் வக்கீல் நல்ல வக்கீல்தான். ஆனால் அவர் கைக்குக் கோப்பு வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே சட்ட வேலை முடிந்துவிட்டது, அதை முடித்தது சட்டம் தெரியாத நான். டாக்டர் வாங்கும் கையெழுத்து, எச்.ஆர். அனுப்பும் மெயில், புரோகிராமர் அழிக்கும் லாக் ஃபைல் எல்லாமே இப்படித்தான். வக்கீலிடம் போகிற நேரத்தில் ஆதாரம் ஏற்கனவே உருவாகிவிட்டது, அல்லது தொலைந்துவிட்டது. நான் இந்தப் படிப்பைச் சிபாரிசு செய்வதற்கு இது ஒன்றுதான் காரணம்.

சரி, நம் நாட்டில் இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பட்டப்படிப்பு முடித்த, சட்டப் பின்னணி இல்லாத ஒருவருக்கு முக்கியமாக மூன்று வழி. ஒரு வருட முதுகலை டிப்ளமோ, இரண்டு வருட முதுகலைப் பட்டம், மூன்று வருட எல்.எல்.பி. கடைசியாகச் சொன்னது வேறு ரகம், அதைக் கீழே பேசுகிறேன்.

முதுகலைப் பட்டம் என்றால் அதிகம் அடிபடும் பெயர் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் எம்.பி.எல்., அதாவது வணிகச் சட்ட முதுகலை. எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம், வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். அதே பள்ளியில் மருத்துவச் சட்டமும் நெறிமுறையும், சைபர் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, மனித உரிமை என்று ஒரு வருட டிப்ளமோக்களும் உண்டு. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலையில் காப்புரிமை, ஊடகச் சட்டம், சைபர் சட்டம் போன்றவை இருக்கின்றன. டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்தியச் சட்டக் கழகத்தின் டிப்ளமோக்கள் நல்ல வழி. குறைந்த செலவில் வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அறிவுசார் சொத்துரிமை டிப்ளமோ, சைபர் சட்டத்தில் ஆறு மாதச் சான்றிதழ் எல்லாம் அங்கே உண்டு. நம் ஊரில் சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இவற்றின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். எந்த வருடம் எது நடக்கிறது என்பது மாறும், அதனால் சேருமுன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தையும், தொலைநிலைப் படிப்பாக இருந்தால் யு.ஜி.சி.யின் அங்கீகாரப் பட்டியலையும் கட்டாயம் பாருங்கள்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு நேரடியாக எல்.எல்.எம். சேர முடியுமா? ஒரு விளம்பரம் பார்த்தேன், "எக்ஸிக்யூட்டிவ் எல்.எல்.எம்., எந்தப் பட்டமும் போதும்" என்று போட்டிருந்தது.

இந்தியாவில் முடியாது. எல்.எல்.எம். என்பது எல்.எல்.பி.க்கு மேல் படிக்கும் சட்ட முதுகலை. எல்.எல்.பி. இல்லாத எல்.எல்.எம்.மை, வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஏற்பதில்லை. இதே மாதிரி "எக்ஸிக்யூட்டிவ்", "புரொஃபஷனல்" என்று முன்னொட்டு வைத்து ஆன்லைனில் நடத்தப்படும் எல்.எல்.எம்.கள் பற்றி 2025-ல் பார் கவுன்சிலே எச்சரிக்கை விட்டது. பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "சான்றிதழில் அச்சாகப்போகும் பட்டத்தின் முழுப் பெயர் என்ன?" பதில் சுற்றி வளைத்து வந்தால் விலகிவிடுங்கள்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் வக்கீல் அல்லாதவர்களுக்கென்றே ஒரு வருட முதுகலைப் பட்டங்கள் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளர்கள் இப்படிப் படித்திருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸுக்காக முப்பது வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதிய லிண்டா கிரீன்ஹவுஸ் 1978-ல் அங்கே படித்தவர்தான். அவர் வாதாடப் போகவில்லை. தீர்ப்பைப் படித்து ஊருக்குப் புரியும்படி எழுதினார். ஆனால் அந்த மாதிரிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு இங்கே வந்து வக்கீலாகப் பதியலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் படிப்பை முடித்தால் கோர்ட்டில் வாதாடலாமா? குறைந்தபட்சம் சட்ட ஆலோசனையாவது கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிந்தவர்தான் வக்கீல் தொழில் செய்யலாம். உரிமை இல்லாமல் நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ அந்தத் தொழில் செய்தால் பிரிவு 45-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. "கோர்ட்டுக்குள் போனால்தானே தொழில், வெளியே கருத்துச் சொன்னால் என்ன" என்று நினைப்பவர்களுக்கு ஏ.கே. பாலாஜி வழக்கைச் சொல்வேன். வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்யலாமா என்று நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்த வழக்கு அது, 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வக்கீல் தொழில் என்பதில் வாதாடுவது மட்டுமல்ல, கோர்ட்டுக்கு வெளியே ஆலோசனை சொல்வது, கருத்துரை எழுதுவது போன்றவையும் அடங்கும் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள்.

உங்கள் அலுவலகத்துக்குள் ஒப்பந்தத்தைப் படித்து "இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, வக்கீலிடம் கேட்போம்" என்று சொல்வது உங்கள் வேலை. போர்டு மாட்டிக்கொண்டு ஊராருக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்வது உங்கள் வேலை இல்லை. நம் ஊரில் ஒரு காலத்தில் அரசு ஊழியர்கள் பலர் அஞ்சல் வழியில் பி.ஜி.எல். என்ற பொதுச் சட்ட இளங்கலை படித்தார்கள், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வக்கீலாகப் பதிய முடியவில்லை. அதே ஏமாற்றம் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் பேசாமல் எல்.எல்.பி.யே படித்துவிடலாமே?

படிக்கலாம், முழு மனதோடு என்றால். பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்று வருடம். பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது பார் கவுன்சிலின் 2008 விதிகளில் உள்ள குறைந்தபட்சம்.

சிக்கல் வருகைப் பதிவில்தான். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். எல்.எல்.பி.யில் தொலைநிலை கிடையாது, ஆன்லைனும் கிடையாது. வேலையில் இருப்பவர் தன் வேலை நிலையைக் கல்லூரியில் தெரிவிக்க வேண்டும், தடையில்லாச் சான்று வேண்டும் என்று 2024-ல் பார் கவுன்சிலின் சுற்றறிக்கையே வந்தது. இதையெல்லாம் தாண்டுவதற்குத்தான் சிலர் பக்கத்து மாநிலத்து "லெட்டர் பேடு" கல்லூரிகளைத் தேடிப் போகிறார்கள். கட்டணம் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம் என்கிற இடங்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சட்டத்தை மதிக்கக் கற்றுத்தரும் படிப்பை ஏமாற்றி வாங்குவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. நடைமுறையாகப் பார்த்தாலும், ஒரே நாளில் அலுவலக வருகைப் பதிவிலும் கல்லூரி வருகைப் பதிவிலும் உங்கள் பெயர் இருந்தால், பத்து வருடம் கழித்துக்கூட யாரோ ஒருவர் அதைத் தோண்டி எடுக்க முடியும்.

இன்னொன்று, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. ஆக, எல்.எல்.பி. முடித்து, பதிந்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதித் தேறினாலும், இப்போதைய வேலையை விட்டால்தான் வக்கீலின் கறுப்புக் கோட்டு. விடத் தயாரா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தயார் என்றால் மூன்று வருடத்தைக் கொடுங்கள், அருமையான படிப்பு. இல்லை என்றால் டிப்ளமோவோ எம்.பி.எல்.லோ போதும்.

நான் டாக்டர். ஏற்கனவே படித்துப் படித்து ஓய்ந்துவிட்டேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

1995-ல் சாந்தா வழக்குத் தீர்ப்போடு மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்ததும், 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் கிரிமினல் குற்றச்சாட்டுக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் டாக்டர் நண்பர்களிடம் படிக்கச் சொல்வது 2008-ல் வந்த சமீரா கோலி தீர்ப்பை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மயக்கத்தில் இருக்கிறார். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். நோயைத் தீர்க்கத்தான் செய்தார். ஆனாலும் அது சம்மதம் இல்லாத சிகிச்சை என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. நோயாளி வயது வந்தவர், கொஞ்ச நேரம்தான் மயக்கத்தில் இருக்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, அப்படியிருக்க அம்மாவின் கையெழுத்து எதற்கும் உதவாது.

இதைப் படித்த பிறகு உங்கள் மருத்துவமனையின் சம்மதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "தேவைப்படும் எந்தச் சிகிச்சையும்" என்று ஒரே வரியில் முடிகிறதா? நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் மருத்துவச் சட்ட டிப்ளமோ படிக்கும்போதே தன் பிரிவின் படிவத்தைத் தமிழில் திருத்தி எழுதவைத்தார். நோயாளிகள் இப்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வி கேட்கிறார்கள், அதுதான் தனக்குக் கிடைத்த பலன் என்கிறார் அவர்.

எச்.ஆரில் இருக்கிறேன். எங்களுக்கென்று தனியாக ஒரு லீகல் டீமே இருக்கிறதே?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். அந்தக் குழுவில் ஊழியர் தரப்பில் எடுக்கப்படுபவர்கள் சமூகப் பணி அனுபவமோ சட்ட அறிவோ உள்ளவர்களாக இருப்பது விரும்பத்தக்கது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வது ஆகியவற்றில் அந்தக் குழுவுக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரம். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். அதில் உட்காருவது யார்? லீகல் டீம் இல்லை. நீங்களும், அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்காவும், வெளியிலிருந்து வரும் ஓர் உறுப்பினரும்தான். ஒரு பெண்ணின் வேலையும் ஓர் ஆணின் வேலையும் உங்கள் கையில் இருக்கிறது. இரு தரப்பையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதைக்கூட யாரும் சொல்லித்தராமல் அந்த நாற்காலியில் உட்காரவைப்பது பெரிய அநியாயம்.

அதோடு 29 தொழிலாளர் சட்டங்களை நான்காக மடித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் புதிதாகப் படித்தே ஆக வேண்டிய நேரம் இது. எச்.ஆருக்கு ஒரு வருட டிப்ளமோ தாராளம்.

ஐ.டி.காரர்களுக்கு?

சைபர் சட்டம் என்றதும் எல்லோரும் ஹேக்கிங்கை நினைக்கிறார்கள். நான் நினைப்பது சான்றிதழை. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63. புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள். பகுதி அ, ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டியது. பகுதி ஆ, நிபுணர் நிரப்ப வேண்டியது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும், அந்தக் கோப்பிலிருந்தே கணக்கிடும் எழுத்து-எண் கோவை) எழுத வேண்டும், எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று வக்கீலுக்கு நீங்கள்தான் சொல்லித்தரப்போகிறீர்கள். ஆதாரத்தை நகலெடுக்கும் அன்றைக்கே ஹாஷ் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சட்டம் சொல்லித்தரும். இரண்டும் சேர்ந்த ஆட்கள் மிகக் குறைவு.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. "சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும்" என்று சட்டத்தில் இருக்கும் ஒரு வரியை ஸ்க்ரீனில் பட்டனாக மாற்றுவது யார்? அதுவும் நீங்கள்தான்.

அறிவியல் படித்தேன், ஆராய்ச்சியில் இருக்கிறேன். காப்புரிமைத் துறைக்குப் போக எல்.எல்.பி. வேண்டுமா?

வேண்டாம். பலருக்கு இது தெரியவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 126-ன்படி காப்புரிமை முகவர் ஆக வேண்டும் என்றால் இந்தியக் குடிமகனாக இருந்து, 21 வயது நிறைந்து, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். விண்ணப்பம் எழுதலாம், காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முன் ஆஜராகி வாதிடவும் செய்யலாம். கோர்ட்டுக்கு மட்டும் வக்கீல். வேதியியல் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட வேலை எனக்குத் தெரியவில்லை.

க்ளீவெக் என்கிற புற்றுநோய் மருந்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கின் உயிர்நாடியான பிரிவு 3(ஈ), தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டும் என்றால் அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்கிறது. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்ட பீட்டா படிக வடிவம் என்பது என்ன, கரைதிறன் கூடினால் குணப்படுத்தும் பலன் கூடியதாகுமா? இந்தக் கேள்விகளைப் புரிந்துகொள்ள வேதியியலும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஐஐடி கரக்பூரில் அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கென்றே அறிவுசார் சொத்துரிமையை மையமாக வைத்து எல்.எல்.பி. நடத்துவதும் இதனால்தான்.

சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி?

உங்களுக்குப் பாடத்திட்டத்திலேயே பாதி இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 432-ன்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் நீங்களே ஆஜராகலாம். குறை இருப்பது தீர்ப்பைப் படித்து வாதத்தைக் கட்டும் பயிற்சியில். அதற்கு மட்டும் ஒரு படிப்பைத் தேடுங்கள்.

இன்ஜினியர் ஆர்பிட்ரேட்டர் ஆகலாமா?

ஆகலாம். 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தில், நடுவராக (ஆர்பிட்ரேட்டராக) இருப்பவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. 2019-ல் தகுதிப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார்கள், 2021-ல் அதை எடுத்தும்விட்டார்கள். ஆனால் பில்டிங் தெரிந்தால் போதும் என்று உட்கார்ந்துவிட முடியாது. காரணம் சொல்லாமல் எழுதிய தீர்ப்பும், ஒரு தரப்புக்குப் பேச வாய்ப்புத் தராமல் எழுதிய தீர்ப்பும் கோர்ட்டில் நிற்காது. ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர்கள் பலர் அளவுப் புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த உண்மைக்கு எப்படி வந்தோம் என்று எழுதத் தெரியாததால் அவர்கள் உழைப்பு வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பில் எது கஷ்டம்?

எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, ஒரே கேள்விக்கு இரண்டு சரியான பதில் இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்வது. கான்கிரீட் க்யூபை உடைத்தால் ஒரு எண் வரும், தேறியதா இல்லையா தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. என் முதல் அசைன்மென்ட்டில் நடந்ததை எல்லாம் தேதிவாரியாக எழுதி முடிவையும் சொல்லிவிட்டேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது: "நடந்தது தெரிகிறது, எந்த விதியால் இந்த முடிவு?" அதற்குப் பிறகுதான் பிரச்சினை என்ன, விதி என்ன, இந்தச் சம்பவத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்துகிறது, அப்புறம் முடிவு என்று வரிசையாக எழுதப் பழகினேன். இன்றைக்கு அலுவலகக் குறிப்புகளையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று சொற்கள். "ஷல்" (செய்தே ஆக வேண்டும்) என்று இருக்கிறதா "மே" (செய்யலாம்) என்று இருக்கிறதா, "அண்ட்" என்பதா "ஆர்" என்பதா, பிரிவின் கடைசியில் வரம்புரை ஏதாவது வந்து முன்னால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிறதா. பேனாவை வைத்து ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? குடும்பத்தோடு முடியுமா?

நான் காலை ஐந்து முதல் ஆறரை வரை, ஞாயிறு அரை நாள். தேர்வு மாதங்களில் விடுப்பு. முடியாத வாரங்கள் இருந்தன, மகளின் பரீட்சையும் என் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தது. வீட்டில் ஒத்துழைப்பு இல்லாமல் இரண்டு வருடப் படிப்பை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருட டிப்ளமோவில் தொடங்கிப் பாருங்கள்.

சம்பளம் கூடுமா?

சான்றிதழைக் காட்டியதும் கூடாது. எனக்குக் கூடவில்லை. முடித்து ஒரு வருடம் கழித்து, டெண்டர் நிபந்தனைகளை முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது என்று மேலதிகாரி வழக்கம் வைத்தார், பொறுப்பு கூடியது, அதைத் தொடர்ந்து மற்றது வந்தது. "படித்து முடித்தால் இத்தனை லட்சம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கவனமாக இருங்கள். கடன் வாங்கிப் படிக்க வேண்டிய படிப்பு இது இல்லை.

ஆங்கிலம் சுமார்தான். தமிழ் வழியில் படித்தவன். தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். சட்ட ஆங்கிலம், ஆங்கில வழியில் படித்தவருக்கும் புதிய மொழிதான். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடுகிறோம். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகள் இலவசம், கணிசமானவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஒரே தீர்ப்பை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சட்டங்களின் மூலம் இந்தியா கோட் தளத்தில் இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் காப்புரிமைச் சட்டப் பாடங்கள் இருக்கின்றன, உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் இலவச அறிமுகப் பாடமும் இருக்கிறது. அவற்றில் ஒன்றை முடித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் சொந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்கள். வேலையை விட்ட பிறகு ஒரு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்குள் விட்டால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று இன்னொரு பத்தியும் இருக்கலாம். இப்போது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27-ஐப் படியுங்கள். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. முதல் பத்தி ஏன் பெரும்பாலும் நிற்காது என்று புரியும். அப்படியானால் இரண்டாவதும் செல்லாதுதானே என்று தோன்றும். அங்கே நிறுத்திவிட்டு, 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது நீதிமன்றம். ஒன்று வேலையை விட்ட பிறகான தடை, மற்றது வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை. அந்த நிறுவனம் ஏன் அப்படி ஒரு நிபந்தனை போட்டது, தொகை நியாயமானதா என்பதையும் பார்த்தார்கள். உங்கள் ஆர்டரில் உள்ள இரண்டாவது பத்தி இதில் எந்தப் பக்கம் விழும்? ஒரு காகிதத்தில் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால் விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடுங்கள்.